இருமல் கேட்காத வீடு

ஆண்கள் நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருக்கும் அவளுக்கு ‘இருமல் டீச்சர்’ என்று பெயர். வைத்தவர் ஒரு லாரி டிரைவர். அவர் குணமாகிப் போய்விட்டார், பெயர் மட்டும் வார்டிலேயே தங்கிவிட்டது. நிமோனியா என்று வந்து படுத்த யாரையும் அவள் சும்மா படுக்க விடமாட்டாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி உட்கார வைப்பாள், உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவாள். வலிக்கிற விலாவோடு தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, “இது இருமல் இல்லய்யா, கனைப்பு. அடி வயித்துலேருந்து வரட்டும்” என்று உயிரை வாங்குவாள். ஊசி மருந்து கிருமியைத்தான் கொல்லும், உள்ளே கட்டிக் கிடக்கிற சளியை நோயாளிதான் வெளியே தள்ள வேண்டும் என்பது அவள் கட்சி.

இரவு டூட்டிக்கு ஆள் இல்லை, ஒரு மாதம் மட்டும் பாருங்கள் என்று கேட்டார்கள். தலையாட்டினாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள், இப்போது வேலைக்குப் போகிறாள். அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

காலையில் வந்து குளித்து அவள் படுத்தாள் என்றால் வீட்டில் ஊரடங்கு. கணவர் முன்னறையில் உட்கார்ந்து மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்ப்பவர். திருகுகிற வேலை, ஒட்டுகிற வேலையெல்லாம் பகலில். மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது அவள் எழுந்த பிறகுதான். வாசல் மணியை அவரே கழற்றி வைத்துவிட்டார். தகப்பனும் மகளும் கண்ணாலேயே பேசிப் பழகியிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த நாத்தனார் ஒருநாள் இருந்துவிட்டு, “உங்க வீட்டுல மூச்சு விடவே பயமா இருக்கு அண்ணி” என்று கிளம்பிப் போனாள். இவள் அதைப் பெருமையாக வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். தங்கமான மனிதர் தனக்கு வாய்த்திருக்கிறார் என்று அவளுக்கு நினைப்பு. நினைப்பில் தவறும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தவளிடம் அவர் காப்பியை நீட்டினார். டம்ளரை வாங்கியவள் குடிக்காமல் நின்றாள். மூச்சுக்கு மூச்சு அவருடைய தோள் ஏறி இறங்கியது, மூக்கு விடைத்தது. வார்டில் என்றால் வாசலில் நிற்கும்போதே கண்டுபிடித்திருப்பாள். வீட்டில் அவள் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை. பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். நெற்றியைத் தொட்டால் கொதித்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“ஒண்ணுமில்ல. லேசா சளி.”

மகள்தான் உடைத்தாள். “அப்பாவுக்கு ஒரு வாரமா இருமல்மா. நீ தூங்குறப்ப மொட்டை மாடிக்குப் போய் இருமிட்டு வருவாரு. அம்மா எந்திரிச்சிடுவா, சொல்லாதேன்னாரு.”

அவள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மகளைத் திட்டிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

அவளுடைய வார்டிலேயே கட்டில் கிடைத்தது. ஆக்சிஜன் மாஸ்க், கையில் ஊசி, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப். விடிந்து வந்த டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு அவளைத் தள்ளி அழைத்துப் போனார். “வலது பக்கம் அடியில நிறைய கட்டியிருக்கு சிஸ்டர். மருந்து போயிட்டுதான் இருக்கு. ஆனா சளி வெளிய வரணும். மத்தியானம் பார்ப்போம். ஆக்சிஜன் ஏறலேன்னா தொண்டையில குழாய் போட வேண்டியதுதான்.”

எத்தனையோ பேருக்கு அந்தக் குழாய்த் தட்டை எடுத்து வைத்தவள் அவள். அதிலிருந்து மீண்டு வந்தவர்களையும் தெரியும், வராதவர்களையும் தெரியும். காலோ, தூக்கமில்லாத தலையோ தன்னுடையது மாதிரியே இல்லை. பயம் மட்டும் தன்னுடையதாக இருந்தது.

அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தாள். முதுகில் தட்டினாள். இருமல் மார்பிலிருந்து ஏறி வருவது கைக்குத் தெரிந்தது. தொண்டைக்கு வந்ததும் அவர் உதட்டை இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, அப்படியே விழுங்கிவிட்டார். மறுபடி தட்டினாள். மறுபடி விழுங்கினார். வேண்டுமென்று செய்யவில்லை. அடக்கி அடக்கி உடம்புக்கு அதுவே பழகிப் போயிருந்தது. போதாததற்கு, எதிர்க் கட்டிலில் ஒருவர் அசந்து தூங்குவதை வேறு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கொஞ்சம் இருமுங்க. எனக்காக.”

அவர் மாஸ்க்குக்குள் கனைத்தார்.

அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. “இருமுய்யா!” என்று கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியதில்லை. “நான் தூங்கலய்யா, பாரு! முழிச்சிட்டுதான் இருக்கேன்! எவன் தூக்கம் கெட்டா உனக்கென்ன? இருமித் தொலை!”

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் திடுக்கிட்டு வாயைத் திறந்தார். அந்த நொடியில் இருமல் பிடியை மீறிக்கொண்டு வந்தது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, கட்டில் அதிர அதிர. அவள் தலையணையை அவர் விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். துருவின் நிறத்தில் கெட்டியாக வந்து விழுந்தது. வார்டில் யாரும் அருவருப்புப் படவில்லை. அங்கே எல்லோருக்கும் அதன் அருமை தெரியும்.

மத்தியானம் டாக்டர் விரல் கிளிப்பின் எண்ணைப் பார்த்தார். “ஏறுது. குழாய் இப்போதைக்கு வேண்டாம். விட்டுடாதீங்க, இருமிட்டே இருக்கணும்.”

அவர் போனதும் கணவர் மாஸ்க்கைச் சற்றே விலக்கி, எதிர்க் கட்டிலைக் கண்ணால் காட்டினார்.

“ரொம்ப சத்தம் போட்டுட்டேன், இல்ல? பாவம், அவரு முழிச்சிட்டாரு.”

அவள் மாஸ்க்கைத் திரும்ப முகத்தில் பொருத்திவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கே நின்றால் அவள் அழுவது அவருக்குத் தெரியாது. உள்ளங்கையைக் குழித்துத் தட்டத் தொடங்கினாள்.

“இன்னும் சத்தமா,” என்றாள்.