மாமி எட்டிப் பார்த்ததும் ஏறிய கோடு

வலிப்பு உள்ளவர்களுக்கு மனப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஊசியும் போடாத, குளிசையும் தராத ஒருத்தியை நம்பி யாழ்ப்பாணத்தில் யாரும் இலேசில் விரலை நீட்டமாட்டார்கள்.

கோடு ஏறவில்லை

இணுவிலிலிருந்து என் கிளினிக்குக்கு வந்த சுகந்திக்கு ஒரே ஆசை, தன் கைக்குழந்தையைத் தனியே தூக்கி வைத்திருக்கவேண்டும். எங்கே வலிப்பு வந்து பிள்ளையைப் போட்டுவிடுவாளோ என்று மாமியார் விடுவதில்லை. பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் இருந்து கையை அடியில் வைத்துக்கொள்வாராம்.

வலிப்பு வருமுன் சுகந்திக்குப் பால் அடிப்பிடித்த மணம் வரும். அந்த நேரம் மனதை உசாராக்கிக்கொண்டால் சிலருக்கு வலிப்பு அடங்கும். குளிசை அதன்பாட்டுக்கு, இது மேலதிகமாக. விரலில் கருவியை மாட்டினேன். மனம் உசாரானால் திரையில் கோடு ஏறவேண்டும். சுகந்தியோ கொட்டாவி விட்டாள். அப்போது வெளியே காத்திருந்த அவளுடைய மாமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கோடு விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டது. மாமியார் உள்ள வாசகிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கோடு ஏறுவது நல்லது என்று கேட்டதும் மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அப்ப நான் ஒவ்வொரு கிழமையும் வாறன், பிள்ளை."

விரதமும் குளிசையும்

மருமகளுக்குச் சுகமாகவேண்டும் என்று மாமி நேர்த்தி வைக்க, சுகந்தி கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். குளிசை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்று தானாகவே நினைத்து அதையும் விட்டுவிட்டாள். வலிப்பு வந்தது. எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. குளிசையை நிறுத்துவதைப்போல ஆபத்து வேறில்லை, முருகன் இதற்கெல்லாம் கோபிக்கமாட்டார் என்று ஏசினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"முருகன் மன்னிச்சுப்போடுவார், மிஸ். ஆனா நான் ஒரே வீட்டில இருக்கிறது மாமியோடை."

படலையில் மீன்காரர்

ஒருநாள் மீன்காரர் வாசல் படலையில் நின்று கூப்பிட, வேறு ஆளில்லாமல் மாமி பிள்ளையைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அடிப்பிடித்த மணம். சுகந்தி முதலில் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். பிறகு சுவரோடு சாய்ந்திருந்து பழகிய பயிற்சியைச் செய்தாள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று வழக்கம்போல அவள் கையில் திணிக்க, வீட்டுச் சாவிகள் தொங்கும் திறப்புக்கோர்வையோடு ஓடிவந்த மாமியைக் கையால் மறித்திருக்கிறாள். மணம் போய்விட்டது. வலிப்பு வரவில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் இதையெல்லாம் மாமிதான் சொன்னார். நடுவில் பிள்ளை சிணுங்கியது. அவர் அதைச் சுகந்தியின் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கதிரை தள்ளிப்போய் இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"வலிப்பு வரப்போகுதெண்டு தெரிஞ்சும் அவள் முதல்ல பிள்ளையைத்தான் பாத்தவள். இனி நான் ஏன் இடையில?"

கருவியை மாட்டுவது ஒருவரின் விரலில்தான் என்றாலும், பயிற்சி எடுக்காமல் அந்த வீட்டில் ஒருவரும் தப்பமுடியாது.