பழைய கீபோர்டின் மூஞ்சி

என்னுடைய பழைய கீபோர்டைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். செத்துப்போனதைக் குறை சொல்லக்கூடாது. அதன் மேற்பலகை நிறையப் பொத்தான்கள். இடப்பக்கம் தாளங்கள், வலப்பக்கம் வாத்தியங்கள், நடுவில் நீல வெளிச்சத்தில் ஒரு சின்னத் திரை. புல்லாங்குழல் மேல் வரிசையில், வயலின் அதற்கு நேர் கீழே. எழுத்தெல்லாம் தேய்ந்து மறைந்த பிறகும் விரலுக்கு இடம் தெரியும், இருட்டிலும் நம் வீட்டு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிவதுபோல. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று எங்கள் பாட்டுக் குழு போகாத இடமில்லை. வாரநாளில் நான் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுப்பவன். சனி, ஞாயிறு மட்டும் கலைஞன். இரண்டிலும் என்னை யாரும் பெரிதாக நம்பியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் கீபோர்டுக்குள் எலி குடியேறி வயர்களைத் தின்றுவிட்டது. என் வாசிப்பைக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் எலி அந்த முடிவுக்கு வந்தது என்றார், தாளப் பேட் வாசிக்கும் எங்கள் குழுத் தலைவர்.

அப்போதுதான் அந்த உதவி வந்தது. எங்கள் கடைக்கு வந்துபோகும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் மாற்றலாகி ஊருக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். எலிக் கதையைக் கேட்டுச் சிரித்தவர், மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு மின்சாரப் பியானோவைக் காட்டினார். "கொண்டுபோய் வாசியுங்கோ. இஞ்ச இதுக்குத் தூசி தட்டுறதுதான் எங்களுக்கு வேலை" என்றார். சும்மாவே தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, நடத்துனர் அதற்கும் டிக்கெட் கேட்டதைக்கூட நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. ஆனால் அதற்கு மூஞ்சி இல்லை. வழுவழுவென்று கறுப்புப் பலகை. ஒரு பொத்தான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அவ்வளவுதான். வேறு வாத்தியங்களும் உள்ளே இருந்தன. அந்த ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டே இன்ன கட்டையை அழுத்தினால் இன்னது வரும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதையெல்லாம் செய்ய எனக்கு இன்னொரு கையும் கொஞ்சம் மூளையும் வேண்டும். அதனால் எல்லாவற்றையும் பியானோச் சத்தத்திலேயே வாசித்தேன். பல்லவி முடிந்ததும் என் வலது கை பழக்கத்தில் மேலே போகும், வெறும் பலகையைத் தடவும், ஒன்றும் கிடைக்காமல் திரும்பும். அது திரும்பி வருவதற்குள் தாளம் கொஞ்ச தூரம் போயிருக்கும். நல்ல வாத்தியம் கையில் இருந்தும், அடுத்தவர் வீட்டுக் குசினியில் சமைக்க விடப்பட்டவன்போல முழித்தேன்.

ஹாலிஎலவில் ஒரு கல்யாணத்தில் விருந்தாளி ஒருவர் மேடைக்கு அருகில் வந்து நெடுநேரம் பார்த்தார். தை மாதம் ஹல்துமுல்லையில் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்களை ஏற்கெனவே பேசிவைத்திருந்த தாய்மாமன் அவர்.

"என்னங்க தம்பி, இது துணி தேய்க்கிற பலகையா?" என்றார்.

நான் சிரித்தேன். தலைவர் சிரிக்கவில்லை. வேனில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னார். "மச்சான், ஒனக்காக எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன். லைட்டு எரியிற கீபோர்டுதான் வேணுமாம் அவருக்கு. தைக்குள்ள ஒண்ணு பாரு. இல்லாட்டி தெமோதரையில ஒருத்தன் இருக்கான், அவனத்தான் கூட்டிட்டுப் போகணும்."

அவன் ஒருமுறை போனால் பிறகும் அவன்தான் போவான். அது எனக்குத் தெரியும். ஆணி யாரும் நிறுக்கலாம். வாரக் கடைசியில் என்னை நானே கொஞ்சம் மதித்த ஒரே இடம் மேடையில் கீபோர்டுக்குப் பின்னாலிருந்த அந்த ஸ்டூல்.

புதிது வாங்க வழியில்லை. மூலையில் கிடந்த பழைய கீபோர்டைப் பார்த்தேன். குடல் போயிருந்ததே தவிர மூஞ்சி நன்றாகத்தான் இருந்தது. மேற்பலகையைப் பொத்தான்களோடு அறுத்தெடுத்தேன். திரைக்குப் பின்னால் ஒரு பட்டரியும் நீல பல்பும் வைத்தேன். எல்லாவற்றையும் பியானோவின் கறுப்புப் பலகைமேல், இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டினேன். எதற்கு எந்தப் பசை என்று ஊருக்கே புத்தி சொல்பவன் நான். என் சொந்த வேலைக்கு எடுத்ததோ கடையிலேயே மட்டமான டேப்.

குழுவில் கேட்டவர்களிடம், பழையதிலிருந்து சில பாகங்களை மாற்றிப் பொருத்தியிருப்பதாகச் சொன்னேன். பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சடங்கு வீட்டில் பல்லவி முடிந்தது, கை மேலே போனது, புல்லாங்குழல் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. அமுக்கினேன். சத்தம் மாறவில்லை, பியானோதான். ஆனால் நான் மாறிவிட்டேன். ஊதுகிறவன் மூச்செடுக்கும் இடங்களில் என் விரலும் நின்று மூச்செடுத்தது. வயலின் பொத்தானை அமுக்கினால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கை எடுக்காமல் இழுத்தேன். உயிரில்லாத பொத்தான் ஒவ்வொன்றும், அடுத்தது என்ன என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாமான் கட்டும்போது தலைவர் சொன்னார்: "இன்னைக்குப் புல்லாங்குழல் நல்லா இருந்துச்சு மச்சான்."

பாவம், இவருக்குக் காதே கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் சில இடங்களில் வாசித்தோம். என் மட்டமான டேப் இவ்வளவு நாள் தாங்குவதைக் கண்டு, கடையில் அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்யத் தொடங்கினேன்.

தை பிறந்தது. ஹல்துமுல்லையில் மண்டபத்துக்குள்ளேயே மூடுபனி வந்து போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் நீல வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பாதி உயிர் வந்தது. எங்கள் பாடகி மெதுவான பாட்டொன்றைத் தொடங்கினாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள், அழுகிற பிள்ளையையும் ஆடுகிற சபையையும் ஒரே குரலில் அடக்குவாள். பல்லவி முடிந்தது. நான் புல்லாங்குழலை அமுக்கினேன். பனி ஈரத்தில் ஊறியிருந்த மேற்பலகை அப்படியே நழுவி, என் மடியில் விழுந்து, அங்கிருந்து மேடையில் விழுந்து, நீல வெளிச்சத்தோடு தாய்மாமன் காலடிக்குப் போய் நின்றது.

பாட்டு நிற்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் விரல்கள் புல்லாங்குழலை வாசித்துக்கொண்டிருந்தன. தலைவர் தாளத்தை விடவில்லை. பாடகி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வாசிங்க என்பதுபோல. தாய்மாமன் குனிந்து பலகையை எடுத்தார், புரட்டினார். அப்போதுதான் அதன் பின்பக்கம் என் கண்ணில் பட்டது.

நான் ஒட்டிய டேப் எங்கோ சுருண்டு கிடந்தது. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், பசை வெளியே இருக்கும்படி வளையம் வளையமாகச் சுருட்டி. தலைவர் தன் தாளக் குச்சிகளுக்குச் சுற்றுவது அது. ஓரமெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டர்; விழுந்த பிள்ளைகளின் முழங்காலுக்கு மடுவத்தில் ஒட்டுவது. ஒவ்வொரு முறையும் நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், ஆளுக்கொரு பக்கமாக இவர்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் தாய்மாமன் மேடையேறினார்.

"தம்பி, அப்ப இது மூடியா?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் பியானோவைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். "மூடியத் தெறந்தா சத்தம் நல்லாத்தான் வருது" என்றார். பிறகு பலகையைத் தலைவரிடம் நீட்டி, "இருந்தாலும் ஒட்டிவிடுங்க. போட்டோவுக்கு அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனார். தலைவர் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். தேடவே இல்லை, மேலேயே வைத்திருந்தார்.

வேனில் கேட்டேன். "அப்ப அன்னைக்குப் புல்லாங்குழல் நல்லா இருந்துச்சுன்னு சொன்னது?"

"அது பொய்யில்ல மச்சான். நல்லாத்தான் இருந்துச்சு."

இன்றைக்கும் அந்த ஸ்டூலில் நான்தான் இருக்கிறேன். ஒட்டுகிற வேலை இப்போது ஒளித்துச் செய்வதில்லை. மேடையேறுமுன் மூவரும் சேர்ந்தே செய்கிறோம். பாட்டுக்கு நடுவில் பாடகி திரும்பி, "அண்ணே, வயலினு" என்பாள். நான் கை நீட்டி அந்தச் செத்த பொத்தானை அமுக்குவேன்.