முனியாண்டி கோயில் வளைவு

தானாக ஓடும் காரில் உட்காருபவர்கள் எங்கே பதறுகிறார்கள் என்று அளப்பதுதான் அப்போது என் வேலை. பதறினால் பொத்தானை அழுத்த வேண்டும். மணிக்கட்டுப் பட்டை இதயத் துடிப்பைப் பதியும்.

அன்று மலேசியாவின் சுங்கை லாலாங் எஸ்டேட் சாலையில், கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சரசு அக்கா என்னோடு வந்தார். பெரிய லாரி உரசுவதுபோல் முந்தியபோதுகூட அசையவில்லை. ஆளே இல்லாத முனியாண்டி கோயில் வளைவில் மட்டும், போகும்போதும் வரும்போதும் அழுத்தினார்.

"என்னக்கா, இங்க ஒன்னுமே இல்லையே?"

"சாமிக்கு ஹார்ன் அடிக்காம கார் போவுதே தம்பி! எப்படிலா சும்மா உட்கார்றது?"

சிரித்துவிட்டேன். 'தவறுதலாக அழுத்தியது' என்று எழுதி இரண்டு பதிவுகளையும் நீக்கினேன்.

மாலையில், ஒப்பிடுவதற்காக நான் கட்டியிருந்த பட்டையின் பதிவைத் திறந்தேன். அதே வளைவில், இரண்டு முறையும், என் துடிப்பும் எகிறியிருந்தது.

அப்பா எஸ்டேட் லாரி ஓட்டியவர். அந்த வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்து, "அடிடா" என்பார். மடியிலிருந்து எட்டி ஹார்ன் அடிப்பேன். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன். காரணம்: ஹார்ன் அடிக்கவில்லை. பதறியவர்கள்: இருவர்.