பீரோவுக்குள் ஆடியவள்

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பேயெல்லாம் படிக்காதவர்களின் சமாச்சாரம் என்று கும்மிடிப்பூண்டி ஃபாக்டரி கேன்டீனில் டீ ஆறும்வரை உபதேசம் செய்துவந்த காலம் அது.

முந்தின ஞாயிறு திருவள்ளூரில் மேட்னி பார்த்துத் தொலைத்தேன். கதாநாயகி நாட்டியக்காரி. அரங்கேற்றம் நெருங்க நெருங்க அவளுக்கு ஒரு கிலி. ஒத்திகை முடிந்து அவள் நின்ற பிறகும், நிலைக்கண்ணாடியில் அவள் பிம்பம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். இடைவேளையில் முறுக்கு வாங்க வெளியே வந்தவன், அப்படியே ரயிலேறிவிட்டேன். அதன் பிறகு சவரம் செய்யும்போதுகூட, கண்ணாடியில் இருப்பவன் எனக்கு முன்னால் பிளேடை எடுக்கிறானா என்று கண்காணித்தேன்.

அந்த வாரமே அம்மா என்னைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனாள். வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணின் போட்டோவை மட்டும் நான் திருப்பித் தரவில்லை. தடித்த ருஷ்ய நாவல் ஒன்றுக்குள் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இது தவறக் கூடாது.

பெண்ணின் அப்பா நெல் விவசாயி. சீருக்கு வாங்கிய பீரோ எங்கள் கண்ணில் படட்டும் என்று கூடத்தில் எதிரேயே நிறுத்தியிருந்தார். கதவில் ஆளுயரக் கண்ணாடி.

"பாப்பா ஸ்கூல்ல ஆடி கப்பு வாங்கிக்கீது. ஒண்ணு ஆடிக் காட்டட்டுமா?" என்றார்.

சலங்கை ஒலித்ததுமே என் பார்வை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவள் நிற்கும்போது அதுவும் நிற்கிறதா?

"பொண்ணு இந்தாண்ட கீதுடா," என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

கடைசியாக ஓங்கி மிதித்து அவள் நின்றாள். அந்த அதிர்வில் பீரோ கதவு மெல்லத் திறந்தது. கண்ணாடியில் இருந்தவள் அப்படியே பக்கவாட்டில் நழுவிப் போனாள். நான் "ஐயோ!" என்று துள்ளி எழுந்தேன். கையிலிருந்த காபி முழுவதும் வேட்டியில்.

"கதவு கொஞ்சம் லூசு மாப்ளே. அப்பலேர்ந்து அதையேதான் பாத்துக்கினுகீறீங்க. இன்னும் பெர்சா ஒண்ணு எடுத்துக் குடுத்துர்றேன்," என்றார் அவர், குரல் இறங்கி.

பெண் சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாள். "பீரோ பாக்க வந்தவங்களுக்கு பீரோவையே கட்டி வெச்சிடு நைனா. எனக்கு இந்த எடம் வாணாம்."

பேராசைக்காரனா, பயந்தாங்கொள்ளியா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். படம், கண்ணாடி, முறுக்கு, ரயில் எல்லாவற்றையும் சபையில் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெண் அவிழ்ப்பதை நிறுத்தினாள். "இன்டர்வெல்லோடயே ஓடியாந்துட்டீங்களா? அது பேயே இல்லீங்க. அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்ல, அவ்ளோதான். கடைசீல டாக்டர் வந்து வெளக்கமா சொல்றாரே!"

அவள் சிரித்ததில் கல்யாணம் நிச்சயமானது. அதே பீரோதான் வந்தது, கதவுக்குக் கீழே ஒரு மரத்துண்டோடு.

பின்னாளில் அந்தப் படம் ஆரம்பாக்கம் கொட்டகைக்கு வந்தபோது, மிச்சத்தையும் பார்த்து முடிக்கட்டும் என்று என்னைக் கூட்டிப் போனாள். திரும்பியதும், "பையன் பயம் தெளிஞ்சானா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க அத்தே?" என்றாள் என் மனைவி. "டாக்டர் வந்தாரா, அவரப் பாத்தும் பயந்துட்டாரு."