ஈஸ்ட் போடாத ஒரு கிளாஸ்

விடுமுறைக்கு எந்த ஊர் போவது என்பதை, அங்கே சின்னதாகப் பீர் காய்ச்சும் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் என் கணவர் முடிவு செய்வார். கல்லீரல் கெட்டபின் டாக்டர் ஒரு சொட்டும் கூடாது என்றுவிட்டார். அதிலிருந்து இவர் பயணப் பேச்சையே விட்டுவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த எங்கள் வீடே அமைதியாகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், பக்கத்து நகரமான பெட்டாலிங் ஜெயாவில் சொந்தமாகப் பீர் காய்ச்சும் உணவகம் ஒன்று திறந்தார்கள். "சும்மா பார்த்துட்டு வரலாம், வாங்க" என்று நான்தான் அழைத்துப் போனேன். பக்கத்து மேசைகளில் நுரை ததும்ப, இவர் தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன்தான் கூட்டி வந்தேனோ என்றிருந்தது.

அங்கே பீர் காய்ச்சுபவர் எங்களிடம் வந்தார்.

"குடிக்கலையா அங்கிள்?"

"டாக்டர் வேணாம்னுட்டாரு."

அவர் எங்களை உள்ளே அழைத்துப்போய், பெரிய அண்டாவிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தார். "இதுல இன்னும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கல லா. போதையே கிடையாது, வெறும் பார்லி தித்திப்பு. பயப்படாம குடிங்க."

இவர் ஒரு வாய் குடித்தார். கண்கள் கலங்கின.

"அடுத்த லீவுக்கு எங்க போகலாம்?" என்று என்னைக் கேட்டார்.

அதன்பின் நாங்கள் எத்தனையோ ஊர் போய்வந்தோம். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்த மனிதருக்கு, ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.