அம்மாவுக்குக் கீழே வேலை

தொடக்கப்பள்ளி வேலையில் பிள்ளைகளை எப்படியும் சமாளித்துவிடலாம். தலைமையாசிரியரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அந்தத் தலைமையாசிரியர் பெற்ற தாயாகவும் இருந்துவிட்டால் என்ன கதி என்பதை, சொந்தக்காரர்களிடம் வேலை பார்த்து நொந்துபோன உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிவகாசிக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில், மிஷன் பள்ளிக்கூடத்தில் என் அம்மா தலைமையாசிரியை. அறுபதுகளின் தொடக்கத்தில் டிரெயினிங் முடித்த கையோடு நானும் அங்கே இரண்டாவது டீச்சராகச் சேர்ந்தேன். பிள்ளைகளின் வருகை குறைந்தால் என் வேலை போய்விடும் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். தீபாவளி சீசனில் பாதிப் பிள்ளைகள் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஒட்டவும் போய்விடுகிற ஊர் அது. தொண்ணூறு தாண்டி வாழ்ந்த அம்மா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் சொன்னதில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

பிந்தி வந்த டீச்சர்

ஒரே வீட்டிலிருந்து ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் நாங்கள். ஆனால் அம்மா விடிந்ததும் ஜெபம் முடித்து, காப்பி குடித்து, முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்கள். பாத்திரமும் பெருக்கலும் என் தலையில். ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது பாடம் ஆரம்பமாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "ஏன் பிந்தி வந்தீங்க டீச்சர்?" என்று அம்மா கேட்டார்கள். நீங்கள் போட்டுவிட்டு வந்த பாத்திரத்தைத்தான் கழுவினேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அது வீட்டுக் காரணம். பள்ளிக்கூடத்துக் காரணம் இருந்தாச் சொல்லுங்க."

மழை ஜெபம்

அம்மா ஜெபித்தால் நடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. ஊர்க்காரர்கள் கோயிலுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, அப்படியே எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து ஜெபத்துக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் கரிசல்காட்டில் பருத்தி போட்டிருந்த ஒருவர் வந்து, மழைக்கு ஜெபம் பண்ணச் சொன்னார். அவர் தலை மறைவதற்குள், பட்டாசுக் கம்பெனிக் களத்தில் வெடி காயப்போடுகிற அம்மாள் ஒருவர் வந்து, தீபாவளி வரைக்கும் மழையே வேண்டாம் என்று ஜெபம் பண்ணச் சொன்னார். இருவருடைய பிள்ளைகளும் எங்களிடம்தான் படித்தார்கள்.

அம்மா அசரவில்லை. "ஆண்டவரே, காட்டுக்கு மழையும் களத்துக்கு வெயிலும் தாரும்" என்று காலை வணக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அன்று சாயங்காலமே ஊர் முழுக்க வித்தியாசம் பார்க்காமல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் அந்த அம்மாள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, உங்க சாமியும் காட்டுக்காரக பேச்சத்தான் கேக்காரு."

கோணல் பெட்டி

சீசன் வந்துவிட்டால் அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாகப் போவார்கள், குடையும் கையுமாக. பின்னாலேயே நானும் போக வேண்டும். செல்லக்கனி என்று நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை. அவள் ஒரு வாரமாக வரவில்லை. போய்ப் பார்த்தால் தாயும் மகளுமாகப் பசைச் சட்டியை நடுவில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். "ஆர்டர் கெடக்கு டீச்சர், அவ கை இல்லாட்டி முடியாது" என்றாள் தாய்.

சரி, அவள் கைக்குப் பதிலாக என் கை இருக்கட்டும் என்று அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாயில் வாய்ப்பாடு, விரலில் பசை. தினமும் மதியம் வந்து ஒட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டே ஒட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் செல்லக்கனியின் தாய் அம்மா ஒட்டிய ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிள்ளைய நாளைக்கே அனுப்புதேன் டீச்சர். நீங்க பெட்டியத் தொடாதீக, கம்பெனில எங்களத் திட்டுவாக."

ஆப்சென்ட்

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. தீபாவளி நெருங்கும் சமயத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வகுப்பில் பாதி இடம் காலி. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆப்சென்ட். நல்ல மனிதர் அவர். "சீசன்ல மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் கொஞ்சம் பாத்துப் போட்டுக்கிடுதாங்க டீச்சர். நீங்களும் சரிபண்ணி வைங்க. நான் சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லி, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வரும்வரை அம்மா பேனாவைத் தொடவில்லை. நான் சைகை காட்டிப் பார்த்தேன், இருமிப் பார்த்தேன். அம்மா மூன்றாம் வகுப்புக்கு ஆறுகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து, இருந்தபடியே இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் என் பதவியை எடுத்துவிட்டு, மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அம்மா இனி தனியாக ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும், தனியாகச் சாப்பிட வேண்டும்.

என் டிரங்குப் பெட்டியில் அம்மாதான் சேலைகளை மடித்து வைத்தார்கள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஊரே பொய்யாப் போடுது. பெத்த பிள்ளைக்காக நீங்க போடக்கூடாதா? அம்புட்டுப் பக்தியா?" என்று கத்திவிட்டேன். அம்மாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மடித்த சேலையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்:

"நீ எங்கன இருந்தாலும் நான் பஸ் ஏறி வந்து பாத்துருவேன். வராத பிள்ளைய வந்துச்சுன்னு எழுதிப்போட்டா, அப்புறம் அதைத் தேடி யாரும்மா போவா?"

புது ஊரில் நான் போட்ட முதல் ஆப்சென்டுக்கே உச்சி வெயிலில் குடையோடு கிளம்ப வேண்டியதாகிவிட்டது. தலைமையாசிரியை மாறினாலும் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை என்பதுதான் மொத்தக் கதை.