வைன் கிளாஸின் அடியில் ஒரு வளையம்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுக் கடைக்கு வந்தவன் நான். விண்மீன் கூட்டங்களைப் பற்றி எழுதத் துணிந்ததற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதுளையில் எங்களுக்குக் கண்ணாடிச் சாமான் கடை. வாப்பா காலத்திலிருந்தே மதுக் கிளாஸ் மட்டும் வைப்பதில்லை. உயர்தரம் படிக்கும் என் மகளுக்குப் பாடசாலைக் கண்காட்சியில் ஒரு மேசை கிடைத்தது. அதற்கு அவள் கேட்டதோ வைன் கிளாஸின் அடிப்பகுதி. அது இல்லாவிட்டால் மேசை வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

தொப்பியோடு இன்னொரு கடையில் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமைப்பவர் எங்கள் வாடிக்கைக்காரர். உடைந்தது இருந்தால் கொண்டுவரும்படி அவர் காதோடு சொல்லிவைத்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் வந்தார். கடையில் நல்ல கூட்டம். பள்ளிவாசலில் என் பக்கத்தில் தொழும் ஹாஜியாரும் நின்றார்.

"நானா, நீங்க ரகசியமா கேட்ட வைன் கிளாஸு," என்று சமையல்காரர் காகிதத்தைப் பிரித்து வைத்தார். "அடி மட்டுந்தான் இருக்கு. மேல உள்ளத தொரை ஒடைச்சிட்டாரு."

"மொதலாளிக்கு அடி மட்டும் போதுமா?" என்று யாரோ கேட்க, கடையே சிரித்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை.

"இது என்னத்துக்கு?" என்று என்னைக் கேட்டார்.

உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டேன். அவள் ஒரு தாளில் சிவப்புப் புள்ளி வைத்து, மேலே அந்தக் கண்ணாடியை வைத்தாள். புள்ளி வில்லாக வளைந்தது. சற்று நகர்த்தியதும் முழு வளையமானது.

"தூரத்து வெளிச்சம் வார வழியில ஒரு விண்மீன் கூட்டம் ஈந்தா, அதுட பாரம் இப்பிடித்தான் வளைக்கும் மாமா. ஆனா தெரியிற நட்சத்திரங்கட பாரம் இவ்வளவுக்குப் போதாது. சுத்திவர கண்ணுக்குத் தெரியாத ஒண்டு ஈக்கி. கரும்பொருள் எண்டு சொல்ற."

"தெரியாதத எப்பிடிக் கண்டுபிடிச்ச?" என்றார் ஹாஜியார்.

"வளைவ வச்சித்தான்."

மூடுபனியில் மலை தெரியாத மாலைகளில், வளைந்து ஏறும் லொறி விளக்குகளை வைத்து மலை இருக்கும் இடத்தை அறிவோமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லியும் விட்டேன்.

"அது ரோட்டு வளையிற வாப்பா. இது வெளிச்சம் போற பாதையே வளையிற."

அத்தனை பேர் முன்னால் மகள் திருத்தியது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஹாஜியார் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாக் கழுவிக் குடுங்க," என்றார். "புள்ள கொண்டு போகட்டும்."

அடுத்த நாள் மழை. கண்காட்சியில் பரிசு எரிமலை செய்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது.